ஆடி மாத டிரான்ஸ்பர்

இனாயத்துல்லா பாய் கடை டீ சுமார்தான், ஐயா. பாலில் தண்ணீர் கொஞ்சம் தாராளம். பழவேற்காடு பஜாரிலேயே அதைவிட நல்ல டீ கிடைக்கும். ஆனாலும் சனி ஞாயிறு வந்தால் கோட்டைக்குப்பத்திலிருந்தும் லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்தும் நாங்கள் அங்கேதான் போய் உட்காருவோம். பாய் கடையில் பெரிய டிவி இருக்கிறது. இங்கிலாந்து ஃபுட்பால் லீக் மேட்ச் ஒன்றுவிடாமல் போடுவார். டீ வாங்காமல் உட்கார்ந்தால் சீரியலுக்கு மாற்றிவிடுவார், அவ்வளவுதான்.

டிவியில் நாங்கள் பார்க்கிற எங்கள் கிளப்பின் பெயரைக் கேட்டீர்கள். அதை மட்டும் எழுத வேண்டாம். சிவப்புச் சட்டைக் கிளப் என்று போட்டுக்கொள்ளுங்கள். நல்ல கிளப். போலீஸ் காகிதத்தில் அதன் பெயர் வருவது எனக்குப் பிடிக்கவில்லை. நான் செய்ததற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

உலகநாதனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவனை யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, உலகு என்றுதான் கூப்பிடுவோம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவன் என் போட்டில்தான் இருந்தான். ஃபைபர் போட் என்னுடையது, எஞ்சின் பக்கம் உட்கார்ந்து ஓட்டுவது அவன். நான் முன்முனையில் நின்று தண்ணீரைப் பார்த்துக் கை காட்டுவேன். காட்டிய பக்கம் அவன் திருப்புவான். பேச்சே தேவைப்படாது. ஊரில் எங்களைப் புருஷன் பொண்டாட்டி என்று கிண்டல் செய்வார்கள். நாங்கள் கோபித்துக்கொண்டதில்லை. என் மனைவிக்குத்தான் கோபம் வரும்.

பாய் கடையிலும் அப்படித்தான். பேசுவது நான், பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவது உலகு. எந்த ஆட்டக்காரனை வாங்க வேண்டும், யாரை விற்றுத் தொலைக்க வேண்டும், எந்த மேனேஜரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றெல்லாம் நான் சொன்னால் கடையில் மறுபேச்சு இருக்காது. ஒரு வருஷம் எங்கள் கிளப் மேனேஜரை நான் சொன்ன அதே வாரம் துரத்தினார்கள். பாய் கல்லாவிலிருந்து எழுந்து வந்து எனக்கு சலாம் வைத்தார்.

"நீலம், நீயே போய் அந்தச் சீட்டுல உக்காந்துக்கோயேன். அங்கயும் மழ, இங்கயும் மழ. இன்னா கெட்டுப்போச்சு?" என்றார்.

"இவன் போனா போட்டு யாரு பாக்கறது பாய்? நான் வுட மாட்டேன்" என்றான் உலகு. கடையே சிரித்தது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது சொன்னால் உங்களுக்கு விளங்காது.

அதன் பிறகுதான் சாம் வந்தான். லைட்ஹவுஸ் குப்பத்துப் பிள்ளை, என்னைவிடச் சின்னவன். தோஹாவில் ஏசி வேலைக்குப் போய், அங்கே சொந்தமாகத் தொழில் வைத்து, நன்றாக வந்தவன். திரும்பி வந்ததும் இரண்டு ஃபைபர் போட் இறக்கினான். வலை இழுக்க மெஷின், ஆழம் காட்ட மெஷின், மீன் கூட்டம் எங்கே என்று காட்ட ஒரு மெஷின். மரியாதையான பையன், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவான். அவன் எதிர்க் கிளப்காரன். கப்பல் கம்பெனி முதலாளி ஒருவர் வாங்கி, பணத்தைக் கொட்டி, ஊரில் உள்ள நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் அள்ளிச் சேர்த்த கிளப் அது. இங்கிலாந்துக்கே போய் அந்த மைதானத்தில் உட்கார்ந்து மேட்ச் பார்த்தவன் சாம். கழுத்தில் கிளப் துண்டைப் போட்டுக்கொண்டு எடுத்த படம் அவன் போனில் இருந்தது. புல்லின் வாசனை மேலே உட்கார்ந்திருப்பவனுக்கும் வரும் என்பான். கடையில் எல்லோரும் நாற்காலியை அவன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பொறாமை என்றே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அது அப்போது கடைப் பேச்சோடு நின்ற பொறாமை. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தூங்கிவிடுவேன்.

அந்த வருஷம் எங்கள் கிளப் கேப்டனை அந்தக் கப்பல் முதலாளி தூக்கிக்கொண்டு போனார். சின்ன வயதிலிருந்து எங்கள் கிளப்பில் வளர்ந்த ஆள். செய்தி வந்த அன்று பாய் கடையில் மேட்ச் கூட இல்லை, ஆனாலும் கூட்டம் நிரம்பி வழிந்தது.

"இன்னா சாம், உங்க மொதலாளிக்கு சொந்தமா ஒருத்தன வளக்கத் தெரியாதா? அடுத்தவன் தோட்டத்துல பறிக்கிறதே பொழப்பா?" என்று கேட்டேன்.

சாம் சிரித்தான். "பழுத்தா யாருனா பறிக்கத்தான் செய்வாங்கண்ணா. நீங்க ஒழுங்கா தண்ணி ஊத்தினீங்களா, அத சொல்லுங்க."

"துட்டு இருந்தா எல்லாத்தையும் வாங்கிடலாம்னு நெனப்பு."

"துட்டு கொடுத்தாலும் வர்றவன் மனசு வெச்சாதான வருவான்?"

"அரே, ரெண்டு பேரும் பேஜார் பண்ணாதீங்க. டீ ஆறுது" என்றார் பாய்.

அப்போதுதான் உலகு வாயைத் திறந்தான். கடையில் அவன் என்னை மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. "அவனுக்கும் குடும்பம் கீது இல்ல, நீலம்? முட்டில ஆப்ரேசன் ஆனவன் வேற. நல்ல டாக்டரு, நல்ல வசதி எல்லாம் அங்கதான கீது. போவட்டும் வுடேன்."

நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேப்டனைப் பற்றித்தான் பேசுகிறான் என்று நினைத்தேன். அவ்வளவு வெகுளி நான்.

எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு போட்டை விட்டு இன்னொரு போட்டுக்கு ஆள் மாற வேண்டுமென்றால் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றி முடிந்த பிறகுதான் மாறலாம். நடுவில் மாறினால் யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஃபுட்பால் கிளப்புகளும் ஆட்டக்காரர்களை வாங்கி விற்பது பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். அதனால் எங்களுக்குள் ஒரு கிண்டல். கூழ்ப் பானை கழுவி வைத்ததும் 'டிரான்ஸ்பர் தொறந்துடுச்சுடோய்' என்று யாராவது கத்துவார்கள். அந்த ஆடியில் பாய் கடைக்குள் நுழையும்போதே அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நீலம், உங்க கேப்டன் பூட்டானாமே."

"அது பழைய கதை பாய். போன மாசமே கையெழுத்துப் போட்டுட்டான்."

"நான் சொல்றது அந்தக் கேப்டன் இல்லப்பா" என்றார். பிறகு எனக்கு டீயும் கொடுத்தார், காசும் வாங்கவில்லை.

உலகு வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி சுதா வாசலில் மீன் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள். உலகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். உட்காரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"முதுகு இழுத்துப் புடிக்குதுடா. காலைல எழுந்திருக்கவே முடியல. சாம் போட்டுல வலை இழுக்க மிஷினு கீது. அத்தொட்டுதான்" என்றான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எத்தினி வாட்டி சொல்லிக்கீறேன். நீ தைலம் தடவுன்னியே."

அவன் முதுகு வலி என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை, ஐயா. தைலம் வாங்கிக் கொடுத்தது நினைவிருக்கிறது.

நான் சண்டை போடவில்லை. அது ஊருக்கே தெரியும், நீங்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எழுந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினேன். "நல்லா இரு" என்றேன். ஒரு நல்ல கிளப் தன் பழைய ஆட்டக்காரனை அப்படித்தான் வழியனுப்ப வேண்டும். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கலங்கவில்லை.

பிறகு வந்த மாதங்கள் நன்றாக இல்லை. புதிதாக ஒருவனை ஓட்ட வைத்தேன். நான் வலது கையைக் காட்டினால் 'இன்னாண்ணா?' என்று கேட்பான். அதற்குள் மீன் போய்விடும். கடைக்குப் போனால் உலகு சாம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். எனக்கும் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டு வைத்திருப்பான், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த நாற்காலி சாமுக்கு இந்தப் பக்கம். சாம் ஏதாவது சொன்னால் உலகு தலையாட்டுவான். அதே தலையாட்டல். எனக்கென்று இருந்ததை அப்படியே எடுத்து அங்கே கொடுத்துவிட்டான். அவன் இல்லாமல் எனக்குக் கடலே பிடிக்கவில்லை. சோறு பிடிக்கவில்லை. என் மனைவி ஒரு நாள் கேட்டேவிட்டாள், அவள் செத்தால்கூட நான் இப்படி இருப்பேனா என்று.

ஃபுட்பாலில் ஒரு மரியாதை இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு ஆட்டக்காரன் தன்னுடைய பழைய கிளப்புக்கு எதிராகக் கோல் போட்டால் கொண்டாட மாட்டான். கையைத் தாழ்த்திக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, பேசாமல் திரும்பி ஓடுவான். சட்டத்தில் இல்லை, ஆனாலும் மானமுள்ளவன் அப்படித்தான் செய்வான். இதைப் பற்றிக் கடையில் நாங்கள் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறோம். உலகுவுக்கும் நன்றாகத் தெரியும்.

மார்கழியில் ஒரு நாள். எங்கள் வலையில் ஒன்றுமில்லை. விலை போகாத சொறி மீனை உதறிக்கொண்டிருந்தேன். தூரத்தில் சாமின் போட் நின்றது. கானாங்கெளுத்தி அள்ளிக்கொண்டிருந்தார்கள், வெயிலில் வெள்ளி மின்னுவது எனக்கு இங்கேயே தெரிந்தது. உலகு எழுந்து நின்றான். என் போட்டைப் பார்த்தான். சாம் தன் ஆட்களுக்கெல்லாம் அவன் கிளப் சட்டை வாங்கிக் கொடுத்திருந்தான். உலகு அந்தச் சட்டையைக் கழற்றித் தலைக்கு மேலே சுழற்றினான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் சுழற்றிக்கொண்டே இருந்தான். கோல் போட்டவன் மைதானத்தின் மூலைக்கு ஓடிப்போய்ச் செய்வானே, அதைத்தான் என் எதிரே நின்று செய்தான்.

நான் எஞ்சினைப் போடச் சொல்லிக் கரைக்குத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் ஏலம் போடுகிற இடத்தில் சுதா என்னைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாண்ணா, நேத்து வராம பூட்டீங்களே. அவரு சட்டைய அவுத்து சுத்தி சுத்திக் கூப்ட்டாராம். மீனு அங்க வாரிக் கொட்டுதாம், நீலம் திரும்பியே பாக்கலன்னு ராத்திரிலாம் பொலம்பினு இருந்தாரு. சாமு கூட திட்டினாராம், நம்ம எடத்த ஏன் காட்டிக் குடுக்கறேன்னு."

கடலில் துணியைச் சுழற்றினால் அழைக்கிறார்கள் என்று அர்த்தம். அது எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து தெரியும். மீன் கிடைக்கிற இடத்தை இன்னொருவனுக்குக் காட்டுவது லேசான காரியமில்லை என்பதும் தெரியும். ஆனால் நான் அவன் முகத்தைப் பார்த்தேன், ஐயா. அவன் சந்தோஷமாக இருந்தான். அந்த போட்டில், அந்த மீனுக்கு நடுவில், சிரித்துக்கொண்டு நின்றான். அழைக்கிறவனுக்கு அவ்வளவு சந்தோஷம் தேவையில்லை. ஃபுட்பால் பார்க்காத சுதாவுக்கு அது புரியாது.

இனி முகத்துவாரத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் போட்டெல்லாம் ஏரியில் நிற்கும், கடலுக்குப் போக முகத்துவாரம் ஒன்றுதான் வழி. மழைக்காலம் முடிந்ததும் அங்கே மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். இன்று ஆழமாக இருந்த இடம் அடுத்த வாரம் மேடாகிவிடும். அதனால் மேடு எங்கே தொடங்குகிறது என்று பார்த்து அதன் ஓரத்தில் ஒரு சவுக்குக் கம்பை நட்டு, உச்சியில் துணி கட்டி வைப்போம். கடலிலிருந்து உள்ளே வருகிறவன் அந்தக் கம்பை இடது கைப்பக்கம் விட்டு ஒட்டினாற்போல் வந்தால் போட் தட்டாது. கம்பை யார் வேண்டுமானாலும் நட முடியாது. பஞ்சாயத்தில் ஒருவனுக்குக் கொடுப்பார்கள், மற்றவர்கள் அதைத் தொடக்கூட மாட்டார்கள். சில வருஷங்களாக அந்தப் பொறுப்பு என்னுடையது. மணல் விஷயத்தில் என் கண் தப்பாது என்று ஊரில் பேர்.

மாசி மாதம் அந்தச் சனிக்கிழமை எங்கள் கிளப்புக்கும் சாம் கிளப்புக்கும் மேட்ச். மாலை ஆறு மணிக்கு ஆட்டம். எங்கள் பழைய கேப்டன் முதல் தடவையாக எங்களுக்கு எதிராக இறங்குகிறான். ஒரு வாரமாகக் கடையில் அதே பேச்சு. கோல் போட்டால் கொண்டாடுவானா மாட்டானா என்று பந்தயம் கூட நடந்தது. உலகு, "கொண்டாட மாட்டான், அவன் மனசு இங்கதான் கீது" என்றான். சாம், "சம்பளம் எங்க வாங்குறானோ அங்கதான் மனசு" என்றான். உலகு சிரித்தான், மறுக்கவில்லை. நான் டீக்குக் காசு வைத்துவிட்டு எழுந்தேன்.

அன்று காலை சாமின் ஆட்கள் அனுப்பம்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். மெஷின் வைத்த போட்டுக்கு இரண்டு பேர் போதும் என்று சாமும் உலகுவும் மட்டும் வஞ்சிரத்துக்குக் கிளம்பினார்கள். மேட்சுக்கு முன்னால் வந்துவிடுகிறோம், சீட்டுப் பிடித்து வை என்று உலகு எனக்குப் போன் செய்தான். வைக்கிறேன் என்றேன்.

மதியத்துக்குள் மற்ற போட்டெல்லாம் வந்துவிட்டன. ஒவ்வொன்றாகப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். யாருக்கும் வீணாக ஆபத்து வரக்கூடாது. பிறகு சின்னப் படகை எடுத்துக்கொண்டு தனியாக முகத்துவாரத்துக்குப் போய், கம்பைப் பிடுங்கி, தெற்கே தள்ளி, மேட்டுக்கு நடுவில் நட்டேன். துணியையும் இறுக்கிக் கட்டினேன். அதிக நேரம் பிடிக்கவில்லை. கரையிலிருந்து யாராவது பார்த்திருந்தாலும் நீலமேகம் தன் வேலையைச் செய்கிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

நான் கொலை செய்ய நினைக்கவில்லை என்பதை இங்கே எழுதிக்கொள்ள வேண்டும். சாமின் போட்டில் ஆழம் காட்டும் மெஷின் இருக்கிறது. ஆழம் குறைந்தால் அது கத்தும். உலகு அதைப் பார்த்துத் திருப்பிக்கொள்வான், அல்லது லேசாக மணலில் தட்டி நின்றுவிடுவார்கள். இவ்வளவு மெஷின் வைத்தும் போட்டை மணலில் ஏற்றினான் பார் என்று ஊர் சிரிக்கும். சாமுக்குக் கடல் அலுத்துப்போகும். பணக்கார முதலாளிகள் அப்படித்தானே? ஒரு வருஷம் தோற்றால் கிளப்பை விற்றுவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்த ஆடியில் உலகு திரும்பி வருவான். இவ்வளவுதான் என் கணக்கு.

சாயங்காலம் கடலிலிருந்து கொண்டல் காற்று அடிக்கும் என்பது எனக்குத் தெரியும். ஏரித் தண்ணீர் கடலுக்கு இறங்குகிற நேரமும் அதுதான். உள்ளிருந்து தண்ணீர் இழுக்க, வெளியிலிருந்து காற்று தள்ள, முகத்துவாரத்தில் அலை நிமிர்ந்து நிற்கும். அந்த நேரத்தில் மணலில் தட்டுகிற போட் நிற்காது, குறுக்கே திரும்பிக் கவிழ்ந்துவிடும். இதுவும் எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆனாலும் மெஷின் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

கடையில் எனக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் துண்டைப் போட்டு வைத்தேன். யாரோ உட்கார வந்தார்கள், உலகு வருகிறான் என்று சொல்லி எழுப்பிவிட்டேன். ஆட்டம் தொடங்கியது. எங்கள் பிள்ளைகள் நன்றாக ஆடினார்கள். நடுவில் ஆடுகிறவனை மேனேஜர் ஓரத்தில் போட்டிருந்தார், அது தப்பு என்று நான் சொன்னேன், பாய் ஆமாம் என்றார். கொஞ்ச நேரத்தில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். நான் எழுந்து நின்று கத்தினேன். நான் கத்தி முடிக்கும்போது பாயின் போன் அடித்தது.

போட் கவிழ்ந்த இடத்துக்கு லைட்ஹவுஸ் குப்பத்துக்காரர்கள்தான் முதலில் போனார்கள். ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மிதந்த சாமைத் தூக்கினார்கள். தோள் எலும்பு உடைந்திருந்தது. உலகு வலையில் சிக்கி போட்டுக்கு அடியில் கிடந்தான். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் போட்டைச் சுற்றி நின்றார்கள். இருட்டிவிட்டது, கம்பை யாரும் பார்க்கவில்லை. அலை தணிந்ததும் நான் அதைப் பிடுங்கிப் பழைய இடத்தில் சரியாக நட்டுவிட்டு வந்தேன். காலையில் மற்ற போட்டெல்லாம் கடலுக்குப் போக வேண்டுமே. அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

உலகுவின் உடலை வீட்டிலிருந்து எடுப்பதற்கு முன்னால் அவன்மேல் யாரோ சாம் கிளப் சட்டையைப் போர்த்தியிருந்தார்கள். நான் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு என்னுடைய சிவப்புச் சட்டையைப் போர்த்தினேன். சுதா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அண்ணா, உங்க கூடவே இருந்திருந்தா இப்டி ஆவாதுண்ணா" என்றாள். நான் ஆமாம்மா என்றேன். அது உண்மைதானே?

நீங்கள் என்னைப் பிடிக்கவில்லை, நானாக வந்தேன். அது ஏன் என்று கேட்டீர்கள். நேற்று பாய் கடையில் மேட்ச் பார்க்கக் கூட்டம் கூடியது. மேட்சைவிட உலகுவைப் பற்றித்தான் பேச்சு. மேட்ச் பார்க்கிற அவசரத்தில் வெறி பிடித்த மாதிரி ஓட்டினான் என்றான் ஒருவன். முகத்துவாரத்தில் உள்ளே வரத் தெரியாதவன் கையில் போட்டைக் கொடுத்தது சாமின் தப்பு என்றான் இன்னொருவன். கிளப் தோற்றால் ஒரு ஆட்டக்காரன் தலையில் பழியைப் போடுவார்களே, அதே மாதிரி. பாய்கூட, "நல்ல மனுஷன், ஆனா அன்னிக்கு கோட்டை வுட்டுட்டான்" என்றார். என்னால் உட்கார முடியவில்லை. உலகு மாதிரி முகத்துவாரத்தில் போட் ஓட்ட இந்தக் கரையில் ஆள் கிடையாது. அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. அவனைப் பற்றி அப்படிப் பேசுவதற்கு அவர்களுக்கு என்ன தகுதி? டீயை வைத்துவிட்டு நேராக இங்கே வந்தேன்.

சாம் ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்குமூலத்தைச் சற்று முன்னால் படித்துக் காட்டினீர்கள். அந்த இடத்தை இன்னொரு முறை படிக்க முடியுமா? மெதுவாகப் படித்தால் போதும்.

மெஷின் கத்தியிருக்கிறது. ஆழமே இல்லை, வடக்கே திருப்பு என்று சாம் கத்தியிருக்கிறான். உலகு கேட்கவில்லை. சாம் எட்டி அவன் கையைப் பிடித்திருக்கிறான். உலகு தட்டிவிட்டு, "உன் மிஷினு கெடக்குது. கம்பு நீலம் நட்டது" என்று சொல்லியிருக்கிறான்.

அதே வார்த்தையிலா சொன்னான்? நீலம் என்றா? சரி. இவ்வளவு நாள் ஊரெல்லாம் அவன் மாறிவிட்டான் என்றார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்கு ஒரு டீ கிடைக்குமா, ஐயா? இரண்டு நாளாக எதுவும் உள்ளே இறங்கவில்லை, இப்போதுதான் பசி எடுக்கிறது.

மெஷினைப் பார்த்துத் திருப்பிக்கொள்வான் என்று நினைத்தேன் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதை அடித்துவிடுங்கள். அவன் பார்க்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். நான் நட்டதைப் பார்த்துத்தான் வருவான் என்று தெரிந்துதான் நட்டேன். உலகநாதனைக் கொன்றது நான். இப்படியே எழுதிக்கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள், ஐயா. அவன் அதைச் சொன்னபோது அலைச் சத்தம் பலமாக இருந்திருக்கும். சாமுக்கு அது நன்றாகக் காதில் விழுந்ததல்லவா?